பெயர் வெட்டும் ஊரில் செடிகளின் பெயர்கள்

தோட்டத்துச் செடியின் ஆயுள் மண்ணையும் நீரையும் பொறுத்தது. அதன் காலடியில் நிற்கும் பெயர்ச்சீட்டின் ஆயுளோ அந்த ஊரின் காற்றையும் வெயிலையும் பொறுத்தது. குன்னூரில் மரச்சீவலில் எழுதி நட்ட பெயரை மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை அடியிலிருந்து அரித்துவிடும், எஞ்சிய எழுத்தின் மேல் பாசி படரும், ஆகவே அங்குள்ள தோட்டக்காரருக்குப் பகை ஈரம்தான். மலையிலிருந்து இறங்கிச் சென்னைக்கு வந்தால் பகை மாறிவிடுகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கும் கதிர்கள், மையை வெளுக்கவைத்துப் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்கின்றன. கடற்காற்றில் வரும் உப்பு இரும்பைத் தின்கிறது. மீந்ததை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிச் செல்கிறது. எழுதிய பெயர் எதன்மேல் நிலைக்கும் என்ற கேள்வியுடன் குன்னூர்த் தோட்டக்காரர் ஒருவர் மயிலாப்பூரில் தொடங்கிப் பெசன்ட் நகரில் முடித்த பயணத்தை இக்கட்டுரை இடம் இடமாகத் தொடர்கிறது.

மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. தலமரம் என்பது ஒரு கோயிலுக்கே உரியதாக வழிபடப்படும் மரம். இங்கே அம்பிகை மயில் வடிவில் சிவனைப் பூசித்த இடம் புன்னையடி என்பது தலபுராணம், அதை நினைவூட்டும் புன்னைவனநாதர் சந்நிதியும் திருச்சுற்றிலேயே உள்ளது. திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்திலும் இந்தப் புன்னை இடம்பெறுகிறது. இம்மரத்துக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. பதிகமும் புராணமும் தினமும் வலம்வரும் மக்களின் வாயும் சேர்ந்து அதன் பெயரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாங்கிவந்துள்ளன. மாட வீதியில் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் மரத்தைப் பற்றிக் கேட்டபோது, கையை நிறுத்தாமலேயே, “அது நம்ம புன்னை சாமி, இது கூடத் தெரியாதா?” என்றார். கதையோடு பிணைந்த பெயருக்குத் தகடும் ஆணியும் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ஆனால் கோயிலைவிட்டுச் சில தெருக்கள் நடந்ததும் இந்த உறுதி குலைகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மதிலோரம் ஈட்டிபோல நெட்டையாக வளர்ந்து நிற்கும் மரத்தைச் சென்னைவாசிகள் பெரும்பாலும் ‘அசோகா மரம்’ என்றே அழைக்கின்றனர். அது உண்மையில் நெட்டிலிங்கம். செந்நிறப் பூங்கொத்துகளைத் தரும் அசோகு வேறு குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம். வழக்குப்பெயர் என்று தாவரவியலார் சொல்வது ஊர் வழங்கும் பெயரை. இருசொற்பெயர் என்பது 1753-இல் லின்னேயசு நிலைப்படுத்திய முறைப்படி பேரினம், சிற்றினம் என்ற இரு சொற்களால் ஆன அறிவியல் பெயர். ஒரே வழக்குப்பெயரை இரண்டு மரங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஊரில் இருசொற்பெயர் தாங்கிய பலகை நடுவராக நிற்கவேண்டியிருக்கிறது.

அந்தக் காலை உணவு கோயிலை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய மெஸ்ஸில் அமைந்தது. நெய் மணக்கும் பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் பிறகு வந்த காப்பியை டபராவில் ஆற்றும்போது, டம்ளரின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கடையின் பெயர் வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. நாளொன்றுக்குப் பலமுறை தேய்த்துக் கழுவப்பட்டதில் டம்ளரின் பளபளப்பு மங்கியிருந்தது, அடியில் ஓரிடம் நசுங்கியும் இருந்தது, ஆனால் ஓரெழுத்தும் அழியவில்லை. குன்னூர்த் தோட்டத்தில் ஒரு பருவமழையைக்கூடத் தாண்டாத எழுத்துகளை நினைத்துக்கொண்டு அந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விருந்தாளியைப் பரிமாறுபவர், காப்பியில் ஏதோ குறை கண்டவராக எண்ணி, “இன்னும் கொஞ்சம் டிக்காஷன் ஊத்தட்டுமா சார்?” என்று கேட்டார்.

கதீட்ரல் சாலை

மயிலாப்பூருக்கு வடமேற்கே கதீட்ரல் சாலையில், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ‘ட்ரைவ்-இன் உட்லண்ட்ஸ்’ உணவகம் இயங்கிய நிலத்தில், 2010 நவம்பரில் திறக்கப்பட்டது செம்மொழிப் பூங்கா. அதே ஆண்டு கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் நினைவாகப் பெயர் பெற்ற இப்பூங்கா சுமார் 20 ஏக்கர் பரப்புடையது; உணவகக் காலத்திலிருந்தே நின்ற முதிய மரங்கள் புதிய செடிகளுக்கு நிழல் தருகின்றன. சாலையின் இப்பகுதிக்குத் தாவரங்களோடு இன்னும் பழைய உறவு உண்டு. 1835-இல் தொடங்கப்பட்ட சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் இடம் இதுவே.

அக்காலச் சென்னையில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாளருமான இராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களின் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டபோது, அவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். உலர்தாவரத் தாள், அதாவது அழுத்தி உலர்த்திய செடியைக் காகிதத்தில் ஒட்டி மூலையில் பெயர், இடம், நாள், சேகரித்தவர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது, அவர்களுடைய உலகின் அடிப்படை; அந்த மூலைச்சீட்டு உதிர்ந்தால் மீதமிருப்பது வெறும் சருகுதான். தன் ஓவியரைப் போற்றும் வகையில் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயர் சூட்டினார். பிற்கால ஆய்வில் அத்தாவரம் முன்னரே வேறு பெயர் பெற்றிருந்த பேரினத்துக்குள் அடங்குவது தெரியவந்ததால், கோவிந்துவின் பெயர் இணைப்பெயராக, அதாவது நூல்களில் மட்டும் வாழும் பழைய பெயராக, ஒதுங்கிவிட்டது. நெட்டிலிங்கத்துக்கும் அண்மையில் இதுவே நேர்ந்தது. நெடுங்காலம் ‘பாலியால்தியா’ என்று எழுதப்பட்ட அதன் பேரினப் பெயர் 2012-க்குப் பின் ‘மோனூன்’ என்று மாறியது. பலகை கெடாமல் இருந்தும் அதன்மேல் உள்ள பெயர் காலாவதியாகலாம் என்ற இந்த உண்மை, உறுதியான பொருளைத் தேடிப் புறப்பட்டவருக்கு முதல் தடங்கலாக அமைந்தது.

சாலையோர நர்சரி ஒன்றில் கறுப்புப் பாலித்தீன் பைகளில் வரிசையாக நின்ற கன்றுகளுக்குக் கட்டியிருந்த பிளாஸ்டிக் சீட்டுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தன. மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர்களை வெயில் குடித்துவிட்டிருந்தது. அங்கே வேலை செய்த இளைஞருக்கு அதைப் பற்றிய கவலை இல்லை. இலையைத் தடவிப் பார்த்தே ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் சொன்ன அவர், செம்பருத்தியில் எந்த நிறம் என்று கேட்டபோது மட்டும் தயங்கி, “பூத்தா தெரிஞ்சிடும் சார்” என்று சிரித்தார். மூலையில் இருந்த சில சொரசொரப்பான தகடுகளில் மட்டும் சாம்பல் நிற எழுத்து தெளிவாக இருந்தது. அவை சாதாரணப் பென்சிலால் எழுதப்பட்டவை. பென்சிலின் உள்ளீடான கிராஃபைட் கரியின் ஒரு வடிவம். மார்க்கரில் உள்ள சாயத்தைப் போல அது ஒளியால் சிதைவதில்லை, ஆகவே உராய்ந்து தேயும்வரை நிற்கும். விலை உயர்ந்த பேனாவை விலை குறைந்த பென்சில் வெல்லும் இந்தச் செய்தியே கதீட்ரல் சாலையின் வரவு.

தியாகராய நகர்

1920-களில் மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகர், நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களால் நிரம்பிய குடியிருப்பு. ஊரின் பெயர் பிட்டி தியாகராயருடையது, நடுவில் உள்ள பூங்காவின் பெயர் பனகல் அரசருடையது. இங்கேயும் பலகையும் வாயும் ஒத்துப்போவதில்லை. தியாகராய சாலை என்று பலகை சொல்லும் தெருவை ஆட்டோக்காரரிடம் ‘பாண்டி பஜார்’ என்று சொன்னால்தான் வண்டி நகரும். நெட்டிலிங்கமும் அசோகாவும் போலத்தான் இதுவும்.

இப்பகுதியின் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் அடுக்குகள் தரையிலிருந்து கூரைவரை நிற்கின்றன. எவர்சில்வர் என்று தமிழர் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கலந்திருப்பதால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மிக மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஊசியால் கீறினாலும் கீறிய பள்ளத்தில் அந்தப் படலம் தானே மீண்டும் படிகிறது. ஆகவே இந்த உலோகத்தில் எழுத்தை வெட்டுவதால் துருவுக்கு வழி திறப்பதில்லை. கடையின் வாசலில் முக்காலி போட்டு அமர்ந்திருந்த நடுவயதுக்காரர் செய்வது இந்த வேலையைத்தான். மின்சாரத்தில் அதிரும் ஊசி பொருத்திய சிறு கருவியைப் பேனாபோலப் பிடித்து, மகளுக்குச் சீர் வாங்க வந்த குடும்பத்தின் குத்துவிளக்குத் தட்டு முதல் இட்லிப் பானை வரை எல்லாவற்றிலும் இனிஷியலும் பெயரும் தேதியும் பொறித்துக்கொண்டிருந்தார். இதைப் ‘பேர் வெட்டுவது’ என்பது ஊர் வழக்கு. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணம் தவறாமல் வீடு திரும்புவதற்கும், கல்யாணச் சமையற்காரரின் அண்டா வேறொருவர் வண்டியில் ஏறாமல் இருப்பதற்கும் இந்த வெட்டுதான் காரணம்.

தோட்டத்துக்காக எவர்சில்வர் பட்டைகளில் பெயர் வெட்டித் தர முடியுமா என்ற கேள்விக்கு அவர் வியப்படையவில்லை. ஆனால் பட்டியலில் இருந்த ‘ஹைட்ரேஞ்சியா’, ‘ரோடோடென்ட்ரான்’ ஆகியவற்றைப் படித்ததும் கருவியை அணைத்துவிட்டார். “இவ்ளோ எழுத்து எதுக்கு சார்? வாடகைப் பாத்திரக்காரங்க மாதிரி நம்பர் போட்டுக்கோங்க. பேரை நோட்ல எழுதிக்கோங்க. பேரு தப்பாயிட்டா நோட்ல அடிச்சிட்டு எழுதலாம், தகட்ல அடிக்க முடியுமா?” என்றார். உலகின் பெரிய தாவரவியல் பூங்காக்கள் பின்பற்றும் வரவு எண் முறை, அதாவது தோட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு செடிக்கும் வந்த ஆண்டும் வரிசையும் கொண்ட மாறாத எண்ணைத் தந்து மற்ற செய்திகளைப் பதிவேட்டில் வைப்பது, இந்த அறிவுரையில் முழுமையாக அடங்கியிருக்கிறது. கோவிந்துவின் ஆர்க்கிட்டுக்கும் நெட்டிலிங்கத்துக்கும் நேர்ந்த பெயர் மாற்றத்துக்கு விடையும் இதில் இருக்கிறது. மாறக்கூடியதைத் தாளில் வைத்து மாறாததை உலோகத்தில் வெட்டினால், பெயர் மாறும்போது தகட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

நாற்பது பட்டைகளில் எண்ணும், இடம் இருந்தவற்றில் சுருக்கமான தமிழ்ப் பெயரும் வெட்டப்பட்டன. ஆனால் கடைக்கு வெளியே வந்து பார்த்தபோது ஒரு குறை வெளிப்பட்டது. உச்சி வெயிலில் பட்டை கண்ணாடிபோல மின்னியதால், அழியவே போகாத அந்த எழுத்துகள் படிக்கவே முடியாதவையாக இருந்தன. பனகல் பூங்காவின் நிழலில் நின்று சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ தெரிந்தது.

கோட்டூர்புரம்

எதில் எழுதுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்தபின், எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி அடையாற்றின் கரையை நெருங்கும்போது எழுந்தது. வழியெங்கும் நிழல்மரங்களின் அடிமரத்தில் விளம்பரத் தட்டிகளைத் தாங்கிய, தட்டி போனபின்பும் தங்கிவிட்ட ஆணிகள் துருவேறி நின்றன. மரப்பட்டைக்கு உட்புறமாக வளர்படலம் என்னும் மெல்லிய அடுக்கு உண்டு. மரம் பருப்பது அந்த அடுக்கில் புதிய செல்கள் உண்டாவதால்தான். ஆணி அதைத் துளைக்கும் இடத்தில் காயமும் அழுகலும் தொடங்க வழி உண்டாகிறது. கம்பியை இறுக்கிக் கட்டினாலும் கேடுதான். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்து, இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்கும் பாதையை நெரித்துவிடும். பெயரைச் சொல்லவந்த சீட்டு மரத்தையே கொல்லக்கூடாது என்றால் வழிகள் இரண்டே: நீளும் சுருள்கம்பியைத் தளர்வாகச் சுற்றி ஆண்டுதோறும் சரிபார்ப்பது, அல்லது மரத்தைத் தொடாமல் அருகே முளை நட்டு அதில் தகட்டைப் பொருத்துவது.

குப்பை கொட்டும் இடமாக இருந்த ஆற்றோர நிலத்தைக் கோட்டூர்புரத்தில் மரப்பூங்காவாக மாற்றியது ‘நிழல்’ என்னும் அமைப்பு. அது நகரின் பல பகுதிகளில் மர நடைகளையும் நடத்துகிறது. ஒருவர் முன்னே நடந்து ஒவ்வொரு மரத்தின் முன்பும் நின்று பெயரும் இயல்பும் சொல்ல, மற்றவர்கள் தொட்டும் முகர்ந்தும் கற்றுக்கொள்வது மர நடை. மயிலாப்பூர்ப் பூக்காரப் பெண்மணியின் வாய்வழி அறிவு இங்கே திட்டமிட்ட கல்வியாகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, விழுந்தது எந்த மரம் என்று சொல்ல, சீட்டோடு சேர்ந்து சீட்டு தாங்கிய மரமும் மண்ணில் கிடந்த இடங்களில் பதிவேடும் நினைவும்தான் துணை. நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்ன பாத்திரக்கடைக் குரல் இங்கே இரண்டாம் முறை கேட்டது.

அடையாறு

ஆற்றைக் கடந்ததும் வருவது பிரம்மஞான சபை. அதன் நிறுவனர்களான ஆல்காட்டும் பிளாவாட்ஸ்கியும் 1882-இல் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் படிப்படியாக விரிந்து இன்று சுமார் 260 ஏக்கர் வனப்பாக நிற்கிறது. நகரின் இரைச்சலிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் காற்றின் வெப்பம் குறைவதை உடலே உணர்கிறது. குன்னூரின் குளிர்ச்சி இதில் இல்லை என்றாலும், கடலும் ஆறும் சந்திக்கும் முகத்துவாரத்தின் உப்பு மணமும் சருகின் மணமும் கலந்த இந்த நிழல் மலைநாட்டுக்குக் கிடைக்காதது.

சுமார் 450 ஆண்டு வயது சொல்லப்படும் அடையாற்று ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது. ஆயினும் ஆலமரம் வாழ்கிறது. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணில் ஊன்றிய விழுதுகள் ஒவ்வொன்றும் அடிமரமாகி, நடு இல்லாத மண்டபம்போல வட்டமாக நிற்கின்றன. இத்தகைய மரத்தின் எந்த உறுப்பில் சீட்டைக் கட்டுவது? தாய்மரத்தில் ஆணியடித்து மாட்டிய தகடு இருந்திருக்குமானால் அது 1989-லேயே விழுந்திருக்கும். ஒரு விழுதில் கட்டினால் அது விழுதின் பெயராகிவிடும். மரத்துக்கு வெளியே முளை நட்டுப் பொருத்துவதே இங்கே பொருந்தும் ஒரே முறை. சென்னை வடக்கு 13 பாகை அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் வெயில் தெற்குப்புறத்திலிருந்தே விழுகிறது; முளையை மரத்தின் வடபுறம் நட்டால் தகட்டுக்கு மரமே குடை பிடிக்கும்.

பெசன்ட் நகர்

பயணத்தின் கடைசி இடம் தோட்டம் அன்று, நூலகம். உ.வே. சாமிநாதையர் மறைந்த மறு ஆண்டு, 1943-இல், ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் தொடங்கப்பட்ட டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் உ.வே.சா. தேடித் திரட்டிய ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது. பனையோலையில் எழுதுவது என்பது உண்மையில் எழுத்தாணியால் கீறுவது. கீறியபோது எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதன்மேல் விளக்குக்கரியைப் பச்சிலைச் சாற்றோடு குழைத்துத் தடவித் துடைத்தால், கரி பள்ளத்தில் மட்டும் தங்கி எழுத்து கறுப்பாக எழும். இதற்கு மையாடல் என்று பெயர். பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சுவடி கொடுக்கும் நாளில் இதை விழாவாகவே செய்தார்கள். கரி மங்கினால் மீண்டும் மையாடலாம், கீறல் இருக்கும்வரை எழுத்து இருக்கிறது. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதினார்கள் என்பதும், தி. நகர் ஊசியோ எல்லா எழுத்தையும் புள்ளிகளாலேயே ஆக்குகிறது என்பதும் ஒப்பிட்டு மகிழத்தக்கவை.

உ.வே.சா. 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் நூல். உ.வே.சா.வுக்குக் கிடைத்த ஏடுகளில் அந்தப் பெயர் வரிசையின் ஒரு பகுதி சிதைந்து போயிருந்தது. தேடி அலைந்த அவருக்கு விடுபட்ட பூக்கள் தருமபுர ஆதீனத்தின் ஏடொன்றில் கிடைத்தன. ‘உதிர்ந்த மலர்கள்’ என்ற கட்டுரையில் அவரே அதை எழுதியிருக்கிறார். ஓர் ஏட்டில் உதிர்ந்த பெயரை மீட்டது இன்னும் உறுதியான ஓலை அன்று. யாரோ எப்போதோ எடுத்துவைத்த மற்றொரு படி. ஆனால் மீண்ட பெயர்களில் சில எந்தச் செடியைக் குறிக்கின்றன என்று இன்றுவரை அறிஞர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். சீட்டு மிஞ்சிச் செடி தொலைந்த நிலை அது. பெயரையும் செடியையும் அருகருகே வைத்திருக்க உலோகமும் வேண்டும், அதைப் படியெடுக்கும் கையும் வேண்டும்.

அன்று மாலை எலியட்ஸ் கடற்கரையில் தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டலைத் தின்றபடி குன்னூர்க்காரர் இரண்டு பள்ளி நோட்டுகளில் ஒரே பட்டியலைப் பென்சிலால் இருமுறை எழுதினார்: எண், தமிழ்ப் பெயர், இருசொற்பெயர், நட்ட நாள். ஒன்று தோட்டத்துக் கொட்டகைக்கு, மற்றொன்று வீட்டுக்கு. வழியில் வாங்கிய சிறு டப்பா கறுப்பு எனாமல் பெயின்ட்டை இரவு தங்கிய அறையில் திறந்து, முதல் பட்டையின்மேல் தடவிப் பழந்துணியால் அழுத்தித் துடைத்தபோது, எஃகு மீண்டும் பளபளத்தது. நடுவில் ‘17, செண்பகம்’ என்பது இரண்டு மெய்ப்புள்ளிகளோடும் கறுத்து எழுந்தது.